ரிஃபெலால்ப் ரிசார்ட்: மேட்டர்ஹார்னுக்கு எதிரே, மலையிலேயே தங்கியது

சுவிட்சர்லாந்து போகிற நம்மவர்களில் பெரும்பாலானோர் காலையில் ஏதாவது ஒரு மலை உச்சிக்கு ரயிலிலோ கேபிள் காரிலோ ஏறி, பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் கீழே இறங்கிவிடுகிறார்கள். டூர் பேக்கேஜ்களும் அப்படித்தான் போடப்படுகின்றன. காசும் நாளும் கொஞ்சம் ஒதுக்க முடியுமானால் அந்தப் பயணத்தில் ஏதாவது ஓர் இடத்தையாவது வெட்டிவிட்டு, மலை மேலேயே தங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நாங்கள் அப்படித் தங்கிய இடம் செர்மாட் ஊருக்கு மேலே இருக்கும் ரிஃபெலால்ப் ரிசார்ட் 2222 மீ. ஐந்து நட்சத்திர விடுதி. பெயரிலேயே உயரம் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 2,222 மீட்டர். ஊட்டியும் ஏறத்தாழ இதே உயரம்தான், 2,240 மீட்டர். அதனால் மூச்சு முட்டுமோ, தலை சுற்றுமோ என்றெல்லாம் பெரிதாகப் பயப்பட வேண்டாம்.

நான், கணவர், அத்தை என்று மூன்று பேர் செப்டம்பர் தொடக்கத்தில் போனோம். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்பதுதான் பல பேர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி. தாராளமாகப் போகலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

போகும் வழி. செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காரில் வருகிறவர்கள் 5 கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் வண்டியை விட்டுவிட்டு ரயில் பிடிக்க வேண்டும். ஜூரிக் விமான நிலையத்திலிருந்து ரயிலிலேயே வருவது இன்னும் சுலபம், ஃபிஸ்ப் என்ற சந்திப்பில் மாறிக்கொண்டால் மொத்தம் மூன்றரை மணி நேரத்தில் செர்மாட். அங்கே இறங்கியதும் எதிரிலேயே கோர்னர்கிராட் என்ற மலை உச்சிக்கு ஏறும் ரயிலின் நிலையம். அதில் ஏறும்போது வலது பக்கம் உட்காருங்கள், எல்லோரும் பார்க்க வரும் மேட்டர்ஹார்ன் சிகரம் அந்தப் பக்கம்தான் வரும். சுமார் இருபது நிமிடத்தில் ரிஃபெலால்ப் நிலையம்.

இந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1898-இல் ஓட ஆரம்பித்தது, சுவிட்சர்லாந்தின் முதல் மின்சாரப் பல்சக்கர ரயில். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும், எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். நம் மேட்டுப்பாளையம் ரயிலில் கல்லாறுக்கு மேலே நடப்பதும் இதேதான், இரண்டிலும் ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வடிவமைத்த அதே முறை. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்தது 1899-இல், அதாவது இதற்கு அடுத்த வருடம். நீலகிரியின் அந்தப் பழைய எக்ஸ் ரக நீராவி எஞ்சின்கள்கூட சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவைதான். கணவர் இதைச் சொன்னதும் அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம், “அப்ப இது நம்ம ஊட்டி ரயிலுக்கு அண்ணன்னு சொல்லு” என்றார்.

நிலையத்தில் இறங்கினால் விடுதிக்கு 675 மீட்டர். நடந்தால் பத்து நிமிடம், காட்டுக்குள் சமதளமான அழகான பாதை. ஆனால் கோடையில் அந்தத் தூரத்துக்கு என்றே ஒரு குட்டி டிராம் ஓடுகிறது. 1899-இல் போட்டது, ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் ஓடும் டிராம் இதுதான். முதலில் இங்கே இருந்த விடுதியை 1884-இல் திறந்தவர் அலெக்சாண்டர் சைலர், செர்மாட்டை ஆடு மாடு மேய்க்கும் கிராமத்திலிருந்து உலகம் வந்து பார்க்கும் ஊராக்கியதில் பெரும் பங்கு இவருடையது. அந்தப் பழைய விடுதி 1961-இல் தீப்பிடித்து அழிந்தது, அதோடு டிராமும் நின்றுபோனது. இப்போது இருப்பது பிறகு கட்டியது. டிராமை 2001-இல் பேட்டரியில் ஓடும்படி புதுப்பித்து மறுபடி விட்டார்கள். அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம்தான், ஆனால் மரங்கள் விலகி, வளைவில் மேட்டர்ஹார்ன் முழுசாக எதிரே வந்து நிற்கும் அந்த இடத்தில் வண்டியில் இருந்த எல்லோருமே ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டோம். கால் வலிக்காரர்களுக்கு இந்த டிராம் பெரிய வரம். விமான நிலையத்திலிருந்து விடுதி வாசல் வரை அத்தை படிக்கட்டில் சிரமப்பட்டு ஏறிய இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. பெரிய பெட்டிகள் இருந்தால் மட்டும் வரும் நேரத்தை விடுதிக்கு முன்பே மின்னஞ்சலில் சொல்லி, பெட்டிகளுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுவிடுங்கள்.

அறை. முன்பதிவு செய்யும்போது ஒரே ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம், மேட்டர்ஹார்ன் பக்கம் பார்த்த அறையாகக் கேளுங்கள். மற்ற பக்கத்து அறைகள் விலை குறைவு, அங்கும் காடும் மலையும் தெரியும்தான், ஆனால் இங்கே வருவதே அந்தச் சிகரத்தோடு இருப்பதற்காக. அறை முழுக்க மரம். வெளியே பெரிய பால்கனி, அதில் இரண்டு சாய்வு நாற்காலி, கம்பளி. பகட்டு என்று சொல்ல எதுவும் இல்லை, தங்க முலாம் பூசிய குழாயோ பளிங்குத் தூணோ எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அதுதான் பிடித்தது. மெத்தை, போர்வை, சுடுதண்ணீர், சத்தமின்மை, இந்த நான்கும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. காரே வராத மலை என்பதால் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் கீழே எங்கோ ஓடும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். மேட்டர்ஹார்ன் 4,478 மீட்டர், இந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து, அந்தப் பக்கம் இத்தாலி. பகலில் வந்து போகிறவர்கள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல் நாலு மணிக்குள் பார்க்கிறார்கள், அந்த நேரத்தில்தான் அது மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் அதிக வாய்ப்பு. வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கின் ஈரக் காற்று மேலே கிளம்பும். அதோடு இந்தச் சிகரம் தனியாகக் கூர்மையாக நிற்பதால், ஒரு பக்கம் காற்று அடிக்கும்போது மறுபக்கத்தில் காற்றழுத்தம் குறைந்து கீழே உள்ள ஈரக் காற்றை உறிஞ்சி இழுக்கும், அது மேலே வந்து குளிர்ந்து உச்சியிலிருந்து கொடி பறப்பது மாதிரி ஒரு மேகமாகப் பிடித்துக்கொள்ளும். வானம் முழுக்க நீலமாக இருக்கும், இந்த ஒரு மலை மட்டும் முகம் காட்டாது. ரயில் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து மேலே வந்து, வெள்ளையாக எதையோ பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்களை மதிய நேரத்தில் தினமும் பார்த்தோம்.

மலையிலேயே தங்கினால் இந்தப் பிரச்சினை இல்லை. அது எப்போது முகம் காட்டினாலும் நாம் அங்கே இருப்போம். செப்டம்பர் தொடக்கத்தில் ஆறே முக்கால் வாக்கில் சூரியன் வருகிறது. முதலில் உச்சியின் ஒரு நுனி மட்டும் இளஞ்சிவப்பாகும், கீழே மற்றதெல்லாம் இன்னும் சாம்பல் நிறம். பிறகு அந்தச் சிவப்பு கிழக்கு முகத்தில் கண்ணெதிரே இறங்கும், இறங்க இறங்க ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் சாதாரணப் பாறை நிறத்துக்கு வந்துவிடும். பால்கனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். அதற்கும் முன்னால், இருட்டு விலகாத நேரத்திலேயே எழுந்துவிட்டால் இன்னொன்று பார்க்கலாம். ஏறுகிற பருவத்தில் மேட்டர்ஹார்னின் ஹோர்ன்லி முகட்டில் குட்டிக் குட்டி வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக நகரும். ஏறுபவர்கள் நெற்றியில் கட்டியிருக்கும் விளக்குகள் அவை. 1865 ஜூலை 14-ஆம் தேதி எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேய மலையேறியின் குழுவினர் ஏழு பேர் முதன்முதலாக உச்சியைத் தொட்டது இந்த முகட்டு வழியாகத்தான், இறங்கும்போது கயிறு அறுந்து நாலு பேர் விழுந்து இறந்தார்கள். அந்த அறுந்த கயிறு கீழே செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு இந்த வெளிச்சப் புள்ளிகளைப் பார்க்கும்போது மனசு படபடவென்று அடித்துக்கொண்டது. யார் பெற்ற பிள்ளைகளோ, பத்திரமாக இறங்கி வரட்டும் என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

நீச்சல்குளம். வெளியே, திறந்த வெளியில், 35 டிகிரி வெந்நீர். இவ்வளவு உயரத்தில் ஐரோப்பாவில் வேறு வெளிப்புறக் குளம் இல்லை என்று விடுதி சொல்லிக்கொள்கிறது. காலையில் வெளியே அஞ்சு ஆறு டிகிரி குளிர், தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும், கழுத்து வரை வெந்நீரில் இருந்தபடி மேட்டர்ஹார்னைப் பார்க்கலாம். கூட்டமில்லாத நேரம் என்றால் காலை உணவுக்கு முன் போவதுதான் சரி. உள்ளே நீராவி அறை, சானா எல்லாம் உண்டு, ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: ஜெர்மன் மொழி பேசும் சுவிஸ் பகுதிகளில் சானாவுக்குள் பொதுவாக உடையில்லாமல்தான் உட்காருவார்கள், ஆண் பெண் சேர்ந்தே. நமக்குக் கூச்சமாக இருந்தால் வரவேற்பில் விதிமுறையைக் கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் குளத்தோடு நிறுத்திக்கொண்டோம், அதிலேயே உடம்பு முழுக்க இளகிவிட்டது.

சாப்பாடு. காலை உணவு தாராளம்: பல வகை ரொட்டி, சீஸ், தயிர், பழங்கள், முட்டை, தேன். இந்த மலைப்பகுதி வாலே மாநிலம். அங்கே ஆப்ரிகாட் பழம் பிரசித்தம், அதன் ஜாமை வாலே கம்பு ரொட்டியில் வெண்ணெயோடு சேர்த்துத் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கசப்பு, மெல்ல மெல்ல இனிப்பு வரும். டீ மட்டும் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், டீத்தூள் இறங்குவதற்கு அந்தச் சூடு போதாது. இரண்டு பை போட்டு, கூடுதல் நேரம் ஊறவிட்டு, சூடான பாலைத் தனியாகக் கேட்டு வாங்கினால் நம் வாய்க்கு வரும்.

ராத்திரிக்கு ராக்லெட். பாதியாக வெட்டிய பெரிய சீஸ் சக்கரத்தை அனலுக்குக் கீழே வைப்பார்கள், மேல்பரப்பு குமிழ் விட்டு ஓரம் லேசாகக் கருகும்போது கத்தியால் ஒரே இழுப்பில் தட்டில் வழித்து விடுவார்கள். கூடவே தோலோடு வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கு, ஊறவைத்த சின்ன வெள்ளரி, ஊறுகாய் வெங்காயம். அந்தக் கருகிய ஓரம்தான் ருசி, பரிமாறுபவரிடம் அதைக் கேட்டு வாங்கலாம். அத்தைக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் கண்டிப்பான சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரம்பரிய சுவிஸ் சீஸ்களில் பாலைத் திரிப்பதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது பரவாயில்லையா இல்லையா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அத்தையிடம் விஷயத்தைச் சொன்னோம், யோசித்துவிட்டுச் சாப்பிட்டார். அதுபோலவே சூப்: காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். கீழே கிராமத்தில் ஓர் உணவகத்தில் எங்களுக்கு அப்படி நடந்தது, இரண்டு வாய் குடித்த பிறகுதான் வாசனை தட்டி, கேட்டால் ஆமாம் என்றார்கள். அத்தை அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடுதியில் முதல் நாளே உட்கார்ந்து இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று விளக்கமாகச் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள், ஒவ்வொரு ராத்திரியும் பரிமாறுபவரே ஞாபகம் வைத்துச் சொன்னார். ரோஸ்டி என்ற துருவிய உருளைக்கிழங்கு அடை, காளான் போட்ட பாஸ்தா, ஒரு நாள் பூசணி ரிசோட்டோ. ஆனாலும் மூன்றாவது ராத்திரிக்குள் நாக்கு காரம் கேட்கும், பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கையில் இருக்கட்டும்.

மதியத்துக்கு விடுதியில் சாப்பிடுவதைத் தவிர்த்தால் நல்ல மிச்சம். செர்மாட் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கூப் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. மேலே ஏறுவதற்கு முன் ரொட்டி, சீஸ், பழம், சாக்லேட் வாங்கிக்கொள்ளுங்கள், மலையில் மளிகைக் கடை எதுவும் கிடையாது. குடிதண்ணீர் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும்.

நடை. இதற்காகவே நானும் கணவரும் வந்தோம். காலையில் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கினால் ஐந்து பத்து நிமிட நடையில் ரிஃபெல்சே என்ற சின்ன ஏரி. காற்று எழுவதற்கு முன் போனால் மேட்டர்ஹார்ன் தலைகீழாகத் தண்ணீரில் அசையாமல் கிடக்கும். காற்று வந்துவிட்டால் வெறும் ஏரிதான். அங்கிருந்து ரிஃபெல்பெர்க் வழியாக விடுதி வரை கீழ்நோக்கியே நடக்கலாம், நிதானமாக இரண்டரை மணி நேரம். ஓரளவு பழக்கம் உள்ள யாரும் நடக்கலாம், நல்ல பிடிப்புள்ள ஷூ மட்டும் கட்டாயம். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரத்துக்குப் பதில் எவ்வளவு நேரம் ஆகும் என்று போட்டிருப்பார்கள், அது சுவிஸ்காரர்களின் நடை வேகம், நாம் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். வழியில் மார்மோட் என்ற கொழுத்த மலை அணில் இனம் விசில் அடிக்கும், முகமும் காதும் முட்டியும் மட்டும் கறுப்பாக, மற்றபடி வெள்ளைச் சடையோடு வாலே கருமூக்குச் செம்மறி ஆடுகள் நின்று பார்க்கும். இன்னொரு நாள் விடுதியிலிருந்தே கிரூன்சே ஏரிக்குக் காட்டு வழியில் போனோம், சுமார் ஒரு மணி நேரம், கூட்டமே இல்லை. ஆர்வே என்ற ஊசியிலைப் பைன் மரங்கள், அவற்றின் விதையைக் கொத்திக் கொண்டுபோய் மண்ணில் ஒளித்து வைக்கும் நட்கிராக்கர் பறவைகள். அந்தப் பறவை மறந்துபோன விதைகளிலிருந்துதான் அடுத்த தலைமுறை மரங்கள் முளைக்கின்றன. பாறை இடுக்கில் விரலளவு உயரத்தில் கொத்தாக நிற்கும் ஆர்வே கன்றுகளைப் பார்த்தால் இது ஒரு பறவை சேமித்து வைத்த இடம் என்று புரிந்துகொள்ளலாம்.

அத்தை நடக்க வரவில்லை. “நான் இங்கயே உக்காந்திருக்கேன், நீங்க ரெண்டு பேரும் நிதானமா போயிட்டு வாங்கம்மா” என்று மொட்டை மாடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர் தனியாக எப்படி நேரம் போக்குவார் என்ற கவலை எனக்கு இருந்தது. திரும்பி வந்தால் எந்த மேகம் எப்போது வந்தது, எப்போது விலகியது, எந்த நேரத்தில் பனி மூடிய சரிவு பளபளத்தது என்று எல்லாவற்றையும் எங்களுக்குச் சொல்கிறார். ஒரே ஒரு நாள் மட்டும் மூன்று பேருமாக ரயிலில் 3,089 மீட்டரில் இருக்கும் கோர்னர்கிராட் உச்சி வரை போனோம், அங்கே மின்தூக்கி இருப்பதால் அத்தைக்கும் சிரமமில்லை. நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட 29 சிகரங்கள் சுற்றிலும், சுவிட்சர்லாந்தின் மிக உயரமான டூஃபோர் சிகரம் (4,634 மீட்டர்) உட்பட. கீழே கோர்னர் பனியாறு. அது சுருங்கிப்போய், முன்பு பனி இருந்த உயரம் வரை பாறைச் சுவர் வெளிறித் தெரிவதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. உச்சியில் தலை கனத்தால் உடனே இறங்கிவிடுங்கள், ரயில் அடிக்கடி உண்டு.

காசு. ஒளிக்காமல் சொல்கிறேன், மலிவு இல்லை. ஓர் இரவுக்குப் பல நூறு ஃபிராங்க், மேட்டர்ஹார்ன் பக்க அறை என்றால் இன்னும் கூட. அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் உண்டு. சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் செர்மாட் வரை ரயில் இலவசம், கோர்னர்கிராட் ரயிலில் பாதிக் கட்டணம், ஹாஃப் ஃபேர் கார்டு வைத்திருந்தாலும் அதே பாதிதான். விடுதி வருடம் முழுக்கத் திறந்திருக்காது, கோடைப் பருவம், பனிப் பருவம் என்று இரண்டுதான், இடைப்பட்ட மாதங்களில் மூடிவிடுவார்கள். டிராம் கோடையில் மட்டும். எனவே பெரியவர்களோடு போவதென்றால் கோடைதான்.

யாருக்கு இது வேண்டாம்? சாயங்காலம் கடைத்தெருவில் சுற்ற வேண்டும், நினைத்த உணவகத்தில் சாப்பிட வேண்டும் என்பவர்கள் கீழே செர்மாட்டிலேயே தங்குவது நல்லது, இங்கே இருட்டிவிட்டால் விடுதியைத் தவிர எதுவும் கிடையாது. ஒரே ஓர் இரவுக்காகவும் வர வேண்டாம், அந்த ஒரு நாள் மழையாகிவிட்டால் கொடுத்த பணம் மொத்தமும் வயிற்றெரிச்சல். எங்களுக்கும் ஒரு முழு நாள் மேகம் மூடி எதிரே இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை. அடுத்த நாட்கள் கையில் இருந்ததால்தான் அன்று புத்தகமும் வெந்நீருமாக நிம்மதியாக இருக்க முடிந்தது. இன்டர்லாக்கன், லூசர்ன், ஜூரிக் என்று ஊருக்கு ஓர் இரவாக ஓடுவதைக் குறைத்து, இரண்டு ஊர்களின் விடுதிச் செலவையும் இங்கே போட்டால் கணக்கு ஓரளவு சரியாகிவிடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், லூசர்ன் பார்க்கவே இல்லை, அதைப் பற்றி மூன்று பேரில் ஒருவருக்கும் குறையில்லை.